ஈரலில் கொழுப்பும் இரவில் மூன்று பெக்கும்

உப்புவெளி, திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. ஸ்கான் ரிப்போர்ட்டில் ஈரலில் கொழுப்பு என்று போட்டிருப்பதையும், அன்றிலிருந்து தேங்காய்ப்பால், மீன், பொரியல் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டதையும் எழுதியிருந்தாய். கடைசியில், இரவில் மூன்று பெக் விஸ்கி மட்டும் வழமைபோல, அதில் கொழுப்பே இல்லைத்தானே என்று ஒரு வரி. ஊர்ப் புதினம் எழுத உட்கார்ந்தவன் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நீ மீனை விட்டிருக்க வேண்டியதில்லை மச்சான். விட வேண்டியது அந்த மூன்று பெக்கை. ஏன் என்று விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சாப்பிட்ட கொழுப்பு நேரே போய் ஈரலில் படிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது போகிற வழி வேறு. பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்த காலம் முழுக்க எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான். நேற்று மத்தியானம் எங்கள் வீட்டில் பால் விட்ட சாளைமீன் குழம்பு. அதிலிருந்த எண்ணெய் இரைப்பையில் பெரிதாக மாறாது. முன்சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும். கொழுப்பு வந்துவிட்டதை அறிந்ததும் குடற்சுவர் கொலிசிஸ்டோகைனின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடும். அந்த ஓமோனால் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை அனுப்பும், சதையி என்ற சுரப்பி சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கும், இரைப்பை தன்னிடம் இருப்பதை மெல்ல மெல்லவே கீழே விடும். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழுப்புத் தண்ணீரில் கரையாது. எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரம் செய்கிற வேலையைப் பித்த உப்புகள் குடலில் செய்து, அதைச் சிறு சிறு துளிகளாக்கும். சதையியிலிருந்து வரும் லிப்பேஸ் அந்தத் துளிகளை உடைத்துக் கொழுப்பமிலங்களாக்கும். அவை குடற்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளுக்குள் நுழைந்ததும் மறுபடியும் கொழுப்பாகக் கட்டப்பட்டு, மேலே புரத உறையோடு நிணநீர்க் குழாய்களுக்குள் இறங்கும். பிறகு மார்பு வழியாக மேலே ஏறி, இடது கழுத்தடியில் ஒரு பெரிய நாளத்தில் இரத்தத்தோடு கலக்கும். ஆகவே சாப்பிட்ட கொழுப்பில் பெரும் பகுதி முதலில் உடம்பைச் சுற்றுகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் தங்களுக்கு வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சியதுதான் ஈரலுக்கு வரும். (தேங்காயெண்ணெயில் உள்ள குட்டையான கொழுப்பமிலங்கள் மட்டும், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயான ஈரல் வாயினாளத்தால் நேரே போகும்.) சாப்பிட்டு 3, 4 மணித்தியாலத்தில் இரத்தத்தில் இந்தக் கொழுப்பு உச்சத்தில் நிற்கும். கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது அதனால்தான்.

பித்தத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. வேலை முடிந்த பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 வீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பிவிடும். ஒரு நாளைக்குள் அதே உப்புகள் பல தடவை போய் வருகின்றன. எத்தனை தடவை படிப்பித்தாலும் அந்த இடத்தில் எனக்கு வியப்புத் தீர்ந்ததில்லை.

இனி விஸ்கியில் இருக்கும் மதுசாரத்துக்கு வருவோம். அதற்குச் சமிபாடே தேவையில்லை. ஐந்தில் ஒரு பங்களவு இரைப்பையிலேயே உறிஞ்சப்படும், மிச்சம் சிறுகுடலில். அந்த இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல். மாப்பொருளைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கலாம், கொழுப்பைக் கொழுப்பாகவே சேமிக்கலாம். மதுசாரத்தைச் சேமிக்க உடம்பில் இடம் கிடையாது. மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் போவது கொஞ்சம்தான். மற்ற அவ்வளவையும் ஈரல்தான், கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, எரித்து முடிக்கவேண்டும். முதலில் அதை அசற்றல்டிகைட்டாக மாற்றும். அது நஞ்சு, புற்றுநோய்க்கும் வழிவிடுவது. பிறகு அதை அசற்றேற்றாக மாற்றும். அந்த இரண்டு படிக்கும் என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் செலவாகும்.

உன் ஈரலில் நடந்திருப்பது இந்த இடத்தில்தான். கொழுப்பமிலங்களை எரிப்பதற்கும் ஈரலுக்கு அதே என்.ஏ.டி. தேவை. மதுசாரம் அதை எடுத்துக்கொண்டதும் கொழுப்பை எரிப்பது தடைப்படும். அதோடு நிற்பதில்லை. செலவான என்.ஏ.டி. வேறு வடிவத்தில் குவிந்து, புதிதாகக் கொழுப்புக் கட்டப்படுவதற்கும் வழிசெய்யும். விஸ்கியில் ஒரு துளி கொழுப்பு இல்லை என்று நீ எழுதியது சரிதான். ஆனால் ஈரலில் இருக்கும் கொழுப்பை எரியவிடாமல் வைப்பதும், மேலும் சேர்ப்பதும் அதுதான்.

உன் கணக்கையே பார். 60 மில்லிலீற்றர் பெக்கில் 40 வீத விஸ்கி என்றால் ஏறத்தாழ 19 கிராம் மதுசாரம். மூன்று பெக்கில் 57 கிராம். கிராமுக்கு 7 கலோரிப்படி 400 கலோரி. கொழுப்புக்கு 9, சோற்றிலுள்ள மாப்பொருளுக்கு 4 என்பதை நினைவில் வை. ஈரல் ஒரு மணித்தியாலத்தில் எரிப்பது 7 முதல் 10 கிராம் வரைதான். தேசிக்காய்த் தண்ணீர், கறுப்புக் கோப்பி எதுவும் அதைத் துரிதப்படுத்தாது. இரவு பத்து மணிக்கு நீ கிளாசை வைத்தால் விடியும் வரைக்கும் உன் ஈரல் அந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இரவும்.

கணவாய்ப் பொரியல் மாதிரிப் பைற்ஸ் சாப்பிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பார்கள். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மதுசாரம் மெதுவாக இறங்கும், வெறி சட்டென்று ஏறாது, அது உண்மை. ஆனால் குடித்த அளவு முழுக்க எப்படியும் உள்ளே போகும். அது எரிந்து முடியும் வரை கணவாய்ப் பொரியலின் எண்ணெய் எரிக்கப்படாமல் சேமிப்புக்குப் போகும். கொழுப்புத் தனியாக வந்தால் உடம்பு சமாளிக்கும், மதுசாரத்தோடு சேர்ந்து வந்தால்தான் கரைச்சல்.

திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், நீயும் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவன் என்பதால். விடிய வலை இழுத்து, மீனை விற்றுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் சாராயம் குடித்துப் படுத்திருக்கிறான். பின்னேரம் பார்த்தால் உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, கதை குழறுகிறது. வெறியென்று வீட்டார் விட்டுவிடப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் சீனி பார்க்கிற கருவி இருந்ததால் தப்பினான், குளுக்கோஸ் மிகவும் இறங்கியிருந்தது. சேமித்த கிளைக்கோஜன் தீர்ந்தால் ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்து கொடுக்கும். மதுசாரத்தில் மாட்டிய ஈரலால் அதைச் செய்ய முடியாது. அவனும் உன்னைப்போல் குளிசை போடுகிறவன். அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் அவன் தாய் நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

தேங்காயை முழுக்க நல்லதென்று சொல்ல வரவில்லை. தேங்காயெண்ணெயில் 90 வீதமளவு நிரம்பிய கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்தும். சம்பலை அளவோடு சாப்பிடு. சோற்றையும் இனிப்புத் தேத்தண்ணியையும் குறை, மிஞ்சிய மாப்பொருளிலிருந்தும் ஈரல் கொழுப்புச் செய்யும். மீனை மட்டும் விடாதே. சாளை, சூடை மாதிரிக் கொழுப்புள்ள மீன்களின் ஒமேகா 3, இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பைக் குறைக்கக்கூடியது. பொரிக்காமல் குழம்பு வைக்கச் சொல்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. கச்சான் காற்று வாட்டி எடுக்கிறது. கோட்டை மான்கள் இப்போதும் றோட்டுக்கு வருகின்றன. நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் கூட்டம். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கோணேசர் கோயில் ஏற்றத்தை மெதுவாகத்தான் ஏறுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. வெறும் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால், குடியை விட்ட சில கிழமைகளிலேயே அது குறையத் தொடங்கும். தழும்பு விழுந்த ஈரல் அப்படி லேசில் திரும்பாது. உங்கள் கனடாவிலேயே 2023 தை மாதம் வெளிவந்த வழிகாட்டல், கிழமைக்கு இரண்டு பானத்துக்கு மேல் போனால் ஆபத்துக் கூடத் தொடங்கும் என்கிறது. உன் ஒரு இரவுக் கணக்கே அதைத் தாண்டுகிறது.

ஆனால் நாளைக்கே சட்டென்று நிற்பாட்டாதே. தினமும் குடித்துப் பழகிய சிலருக்குக் கைநடுக்கம், வியர்வை, வலிப்புக்கூட வரலாம். முதலில் டொக்டரிடம் போய் தினம் மூன்று பெக் என்று உள்ளபடி சொல், குறைத்துச் சொல்லாதே. குளிசையைப் பற்றியும் கேள். ஈரல் நொதியங்களின் அளவையும் பிளேட்லெட் எண்ணிக்கையையும் வாங்கி எனக்கு எழுது. தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கான் எடுக்க வேண்டுமா என்பதையும் கேட்டு வை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி