பழைய பிரேக் பேடைக் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதையில் கார் கவிழ்ந்த செய்தி தங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'பிரேக் பிடிக்காததால் விபத்து நேர்ந்ததாகக் கூறப்படுகிறது.' அதோடு செய்தி முடிந்துவிடும். அந்த பிரேக்கில் கடைசியாகக் கை வைத்தது யார், எந்தப் பட்டறை, என்ன பார்ட் போட்டார்கள், பில் இருக்கிறதா என்று போலீசும் கேட்பதாகத் தெரியவில்லை, நிருபரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளுக்கு வால்பாறையில் ஆசிரியர் வேலை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவது மற்றவர்களுக்குச் சுற்றுலா. எங்கள் வீட்டில் அது அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற வேலை. வண்டி பழைய வேகன் ஆர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு, இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பிரேக் அடித்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுத்தது. ஊரில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். பெயர் வேண்டாம். மதியம் போன் வந்தது. "சார், பிரண்ட் டிஸ்க் ரெண்டும் போயிடுச்சு, காலிபர் மாத்தணும், பேடு மாத்தணும், 13,800 ஆகும், ஓகே பண்ணிடலாங்களா?" டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேடு அதை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துகிற கட்டை, காலிபர் பேடுகளை அழுத்துகிற கவ்வி. நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். போனால், கஸ்டமரை உள்ளே விட அனுமதி இல்லையாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது, இந்தப் பக்கம் நான். கழற்றிய பேடையாவது கொண்டுவந்து காட்டுங்கள் என்றால், கையில் டேப்லெட் வைத்திருந்த பையன் அதிலுள்ள சிவப்புக் கோட்டைக் காட்டுகிறான். முப்பத்து நான்கு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவனிடம் ரசீதைக் காட்டாமல் தொகையை மட்டும் சொன்னால் எப்படி? பார்த்ததற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு வண்டியை வெளியே எடுத்துவந்துவிட்டேன்.

அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்ஸி ஸ்டாண்டில் போய் விசாரித்தேன். நல்ல மெக்கானிக் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு மச்சான் பெயரைச் சொல்வார்கள். அதனால் 'உங்க வண்டிக்குக் கடைசியா பிரேக் ஷூ (டிரம் பிரேக்கில் பேடு மாதிரி இருப்பது) மாத்தினது யாருங்க?' என்று கேட்டேன். வால்பாறைக்கு வாடகை ஓட்டுகிற டிரைவர்களில் பாதிப் பேர் ஒரே ஷெட்டைச் சொன்னார்கள். தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்ப மரம், போர்டுகூடக் கிடையாது.

அந்த மெக்கானிக் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பகமான இடம் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். முதலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, வீலைக் கழற்றினார். வெளிப்பக்கத்து பேடில் இன்னும் பாதிக்கு மேல் கனம் இருந்தது. சக்கர ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது அது ஒன்றுதான். பார்க்கிறவன் 'பேடு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவான். காலிபரைத் தூக்கி உள்பக்கத்து பேடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முனையில் இரும்புத் தகடு தெரிந்தது. மறுமுனையில் கத்தி முனை அளவுக்கு லைனிங், அதாவது டிஸ்க்கில் உரசித் தேய்கிற பகுதி, ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வளைந்த ஒரு சின்னத் தகடு. "சத்தம் போட்டது இதுதானுங்க. லைனிங் தேஞ்சா டிஸ்க்ல உரசிச் சத்தம் போடட்டும்னுதான் கம்பெனியே வெச்சிருக்கான்."

காலிபர் நகர்வதற்கென்று இருக்கிற 'பின்' என்ற இரும்புத் தண்டு இறுகிப்போய், இழுத்தாலும் வரவில்லை. பிஸ்டன் உள் பேடை மட்டும் அழுத்துகிறது, காலிபர் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஒன்று தேய்ந்து ஒன்று தப்பித்தது. பின்னைக் கழற்றித் துருவைச் சுரண்டி, துடைத்து, பிரேக்குக்கென்று இருக்கிற சூடு தாங்கும் கிரீஸைத் தடவி, அதை மூடுகிற ரப்பர் உறையை (பூட்) புதிதாகப் போட்டார். டிஸ்க்கின் ஓரத்தைத் துணியால் துடைத்து எழுத்தைக் காட்டினார். குறைந்தபட்சம் இத்தனை மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறார்கள், எனக்கு அதுவரை தெரியாது. வெர்னியர் என்ற அளவுகோலை வைத்து அளந்தார். கனம் அதற்கு மேலேயே இருந்தது. "இன்னொரு செட் பேடு தாங்கும். அடுத்த தடவை மாத்திக்கலாம்" என்றார். பேடு செட் 1,650, பூட் 120, கூலி 500. 13,800 எங்கே, இது எங்கே!

இதைச் சொன்னால் உடனே, பெரிய கடை என்றாலே கொள்ளை, சின்னப் பட்டறை என்றாலே யோக்கியம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. சின்னப் பட்டறைகளில் நடக்கிற கூத்தும் எனக்குத் தெரியும். கழற்றிய காலிபரை, பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயான பிரேக் ஹோஸிலேயே தொங்கவிடுவார்கள். அத்தனை எடையும் அந்த ரப்பர் குழாயில்தான் தொங்கும், உள்ளுக்குள் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. ஒரு கம்பியை வளைத்து ஸ்பிரிங்கில் மாட்ட அரை நிமிஷம் ஆகுமா? டிரம்மைத் திறந்து ஏர் பைப்பால் தூசியை ஊதுவார்கள், பக்கத்தில் வேலை கற்கிற பையன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். மூடியில்லாத பழைய டப்பாவிலிருந்து பிரேக் ஆயிலை ஊற்றுவார்கள். இந்தக் கடைசிச் சங்கதியில்தான் எனக்குக் கோபம் அதிகம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலைமேல் இருக்கிற அட்டகட்டியிலிருந்து அடிவாரத்து ஆழியாறு வரை காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எத்தனை போர்டு வைத்தாலும் நம் ஆட்கள் நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், காசாளன் அல்லவா. பிரேக் வேலையில் ஏமாற்று எங்கே நுழைகிறது? கூலியில் இல்லை, பார்ட்டில். ஐந்நூறு ரூபாய் கூலி கேட்டால் நாம் முந்நூறுக்குப் பேரம் பேசுகிறோம். 'ரெண்டு போல்ட்டு கழட்டறதுக்கு ஐந்நூறா?' என்கிறோம். அவர் அந்த இருநூறை விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பார் என்றா நினைக்கிறோம்? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு, இது ஊரறிந்த ரகசியம். அவர் எத்தனை பார்ட் மாற்றுகிறாரோ அத்தனைக்கு வருமானம். பின்னுக்கு கிரீஸ் வைத்தால் ஒன்றும் கிடைக்காது, காலிபரை மாற்றினால் கிடைக்கும். பெரிய சென்டரிலும் இதே கணக்குத்தான், அங்கே அதற்கு டார்கெட் என்று பெயர். அதனால் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்பேன். கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, பார்ட்டுக்கு மட்டும் எம்.ஆர்.பி. போட்ட லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். என் மெக்கானிக் ஒரு படி மேலே போய், பார்ட் வந்த பெட்டியை என் கையில் கொடுத்து, "கிழிச்சுப் போட்டுருங்க சார், முழுசா வெளிய போனா அதுலயே டூப்ளிகேட்டைப் போட்டு வித்துருவாங்க" என்றார்.

டூப்ளிகேட் என்றதும் வயிறு எரிகிறது. நாட்டுக்கே பிரேக் செய்து கொடுக்கிற ஊர் நம் சென்னை. பிரேக்ஸ் இந்தியா 1962இல் பாடியில் தொடங்கியது, சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான், ரானேயின் லைனிங் ஆலை அம்பத்தூரில். இத்தனை பக்கத்தில் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, நானூறு ரூபாய் குறைகிறது என்று பெயர் தெரியாத பேடை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறோம்.

சரி, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்றால், டாக்ஸிக்கும் லாரிக்கும் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுப் பரிசோதனை உண்டு. சொந்தக் கார் வாங்கினால் பதிவு 15 வருடத்துக்கு. புதுப்பிக்கப் போகும்வரை அந்த வண்டியின் பிரேக்கை எந்த அதிகாரியும் கட்டாயமாகப் பார்க்கப்போவதில்லை. அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தகர ஷெட் மெக்கானிக்தான் வாகன ஆய்வாளர். அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு செல்போன் வாங்குவதற்குச் செலவழிக்கிற நேரத்தைக்கூட நாம் செலவழிப்பதில்லை.

பில் விஷயம் ஒன்று பாக்கி. 'பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகும், வேண்டாம்ல?' என்று கேட்கிற கடைகள் நிறைய. ஜி.எஸ்.டி. பதிவில்லாத சின்னக் கடை அந்த வரியை வசூலிக்கவே கூடாது, வெறும் தாளில் தேதி போட்டு, பார்ட் பெயர், விலை, கூலி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். பதிவுள்ள கடை வரியோடு பில் கொடுத்தாக வேண்டும். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு மனுக் கட்டணமே கிடையாது. ஆனால் கையில் தாள் இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவது? என் மெக்கானிக் முதலில் சிரித்தார். "பில்லெல்லாம் யாருங்க கேக்கறாங்க?" பிறகு பையனை அனுப்பி ஒரு பில் புக் வாங்கிவரச் சொன்னார். நாள்பட அவருக்கே அது பிடித்துவிட்டது. எந்த வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினோம் என்று இப்போது அதைப் புரட்டித்தான் சொல்கிறார்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஒன்று, எங்கள் பகுதி மோட்டார் மெக்கானிக்குகளுக்கு. முன் பேடு மாற்றக் கூலி இவ்வளவு, பின்பக்க ஷூ மாற்ற இவ்வளவு, குழாயிலுள்ள காற்றை எடுத்து பிரேக் ஆயில் மாற்ற இவ்வளவு என்று வாசலில் ஒரு பலகை எழுதி வையுங்கள். அதன் கீழேயே, 'கழற்றிய பழைய பார்ட் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்' என்று ஒரு வரி. உங்களுக்கு ஒரு செலவும் இல்லை, பேரம் பேசுகிற தொல்லையும் குறையும்.

இன்னொன்று தங்களுக்கு. அடுத்த முறை 'பிரேக் பிடிக்காமல்' என்று செய்தி வந்தால், அந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது, எங்கே பிரேக் வேலை நடந்தது என்று நிருபரை ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். பட்டறையின் பெயரைப் போட வேண்டியதில்லை. விசாரிப்பார்கள் என்று தெரிந்தாலே போதும், பலர் காலிபரை ஹோஸில் தொங்கவிட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கிக் காசாளர்,
மகாலிங்கபுரம், பொள்ளாச்சி.