பூஜ்ஜியம் புள்ளி வாங்கிய வீட்டிலிருந்து

வீடுகளுக்கு மின்சார வெகுமதித் திட்டம் வகுக்கும் விநியோக நிறுவனத்தாருக்கும், அதற்கு ஒப்புதல் தரும் ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. மாலை ஆறிலிருந்து ஏழு வரை மின்சாரத்தைக் குறைத்தால் வெகுமதிப் புள்ளிகள் கிடைக்குமாம். சரி என்று தட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வாஷிங் மெஷினை இரவு பத்து மணிக்குத் தள்ளினேன். இஸ்திரி மறுநாள் காலைக்குப் போனது. பகலெல்லாம் சோலார் நிரப்பியதில் பேட்டரி 94 சதவீதத்தில் நின்றது. ஆறு மணி ஆனதும் அதிலிருந்து வெளியே அனுப்பத் தொடங்கினேன். இன்வெர்ட்டர் திரையில் வீட்டிலிருந்து மின்கம்பத்தை நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி ஓடும். டிவியைக்கூட அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்குள் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கணக்கு வந்தது. பூஜ்ஜியம்.

“உங்களுக்கு எவ்வளவு சார் வந்தது?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது பேச்சை மாற்றினேன். அவருக்கு நல்ல புள்ளிகள். தினமும் ஆறு மணிக்குப் போடும் ஹீட்டரை அன்று எட்டு மணிக்குப் போட்டார், அவ்வளவுதான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டதைச் செய்தார், கொடுத்ததை வாங்கிக்கொண்டார். என் வருத்தம் உங்கள் கணக்கின்மேல்.

எரித்த மின்சாரத்தை மீட்டர் அளக்கும். எரிக்காத மின்சாரத்தை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. அதனால் ‘இந்த வீடு வழக்கமாக எவ்வளவு எடுத்திருக்கும்’ என்று ஊகிக்கிறீர்கள். உங்கள் மொழியில் பேஸ்லைன். முந்தைய பத்து வேலைநாட்களில் அதே மணி நேரத்தின் சராசரி என்பது போல ஒரு சூத்திரம். என் வீட்டில் மாலை நேரத்தைத் தினமும் பேட்டரிதான் தாங்குகிறது. ஆகவே என் சராசரி 0.1 யூனிட். 0.1 யூனிட்டிலிருந்து ஒருவர் எவ்வளவு குறைத்துவிட முடியும்? வெளியே அனுப்பிய மூன்று யூனிட்டோ உங்கள் கணக்கில் வரவே இல்லை. கம்பியிலிருந்து எடுத்ததை மட்டும் பார்த்தீர்கள், கம்பிக்குக் கொடுத்ததைப் பார்க்கவில்லை.

அந்த மாலையில் கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்து வீடு எடுக்காமல் விட்ட இரண்டு யூனிட்டும் நான் தள்ளிய மூன்று யூனிட்டும் ஒரே டிரான்ஸ்பார்மரின் பாரத்தைத்தான் இறக்கின. நான் அனுப்பியது நாலு வீடு தாண்டியிருக்காது, அங்கேயே செலவாகியிருக்கும். தூரத்து மின்நிலையத்திலிருந்து வருவதில் வழியிலேயே ஒரு பங்கு சூடாகி வீணாகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊகத்தை வைத்துப் பணம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள பேஸ்பால் மைதானம் இதே மாதிரி ஒரு திட்டத்தில் இருந்தது. குறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பாக, ஆட்டமே இல்லாத பொழுதில், மைதான விளக்குகளைப் போட்டு வழக்கமான அளவை ஏற்றிக் காட்டினார்கள். பிறகு அணைத்துவிட்டு ‘குறைத்தோம்’ என்றார்கள். விவகாரம் அந்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்வரை போய், 2013இல், மைதானத்தை அந்தத் திட்டத்தில் சேர்த்திருந்த இடைத்தரகு நிறுவனம் அபராதம் கட்டும் நிலைக்கு வந்தது. எனக்கும் இது கஷ்டமில்லை. பத்து நாள் மாலையில் பேட்டரியை முடக்கிவைத்து, கம்பியிலிருந்தே தாராளமாக இழுத்துக்கொள்வேன். உங்கள் செய்தி வரும் நாளில் பேட்டரியைத் திறந்துவிட்டால் புள்ளிகள் கொட்டும். பத்து நாளும் உங்களுக்குப் பாரம் கூடியிருக்கும், அதற்கு நீங்களே கூலியும் கொடுத்திருப்பீர்கள்.

பேட்டரிக்கு இந்த ஊகமே வேண்டாம். உள்ளே எத்தனை யூனிட் போனது, வெளியே எத்தனை வந்தது என்று இன்வெர்ட்டர் தனியாகக் கணக்கு வைக்கிறது. ஆறிலிருந்து ஏழுக்குள் பேட்டரியிலிருந்து வந்ததை எண்ணுங்கள். அது என் வீட்டுக்குள் செலவானாலும் சரி, கம்பிக்குப் போனாலும் சரி.

‘எப்படியும் செய்யப்போகிறவருக்கு எதற்குக் காசு’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டில் சில நூறு மணி நேரமே ஓடும் உச்சநேர மின்நிலையங்களுக்கு, ஓடாத நாளிலும் தயாராக நிற்பதற்கென்றே பணம் போகிறது. அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

பேட்டரியைத் தருவது சும்மாவும் இல்லை. பத்து யூனிட் ஏற்றினால் சுமார் ஒன்பதுதான் திரும்ப வரும். ஒவ்வொரு முறை நிரப்பி இறக்கும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் தேய்கிறது. பல பேட்டரிகளின் உத்தரவாதம் வருடக்கணக்கோடு நிற்பதில்லை, மொத்தம் எத்தனை யூனிட் வெளியே விட்டது என்பதற்கும் வரம்பு உண்டு. வெகுமதி இந்தத் தேய்மானத்துக்கு மேலே ஏதாவது மிச்சம் வைத்தால்தான் அது வெகுமதி. கடைசி 20 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று நான் வைத்திருக்கும் வரம்பையும் உங்கள் மென்பொருள் மதிக்க வேண்டும். மின்சாரம் போனால் அந்த 20தான் எங்கள் விளக்கு.

பேட்டரி, ஏசி போன்றவற்றின் கட்டுப்பாட்டை உங்கள் கையில் கொடுப்பவர்களுக்கு ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கட்டும். 2021 ஜூனில் டெக்சஸில் சில வீடுகளின் ஏசியில் வைத்திருந்த வெப்பநிலை தூரத்திலிருந்தே ஏற்றப்பட்டு, வேர்த்து விழித்தவர்கள் கொதித்துப்போனார்கள். அப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம் என்பதே அவர்களில் சிலருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

இன்னொன்று, சின்னது. ஏழு மணியானதும் எல்லா வீட்டிலும் தள்ளிவைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கிறது. எல்லாருக்கும் ஒரே முடிவு நேரம் சொல்லாமல் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பிரித்துவிடலாம். இது நீங்கள் யோசிக்காததாக இருக்காது, ஆனால் எங்கள் தெருவில் நடக்கவில்லை.

2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் கடும் வெப்பம். மின்தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டிச் சாதனை அளவுக்குப் போனது. மாலையில் மக்களின் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி ஒன்று போயிற்று, அவசியமில்லாததை அணையுங்கள் என்று. சில நிமிடங்களிலேயே தேவை ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. அந்தச் செய்தியில் புள்ளி, பரிசு எதுவும் இல்லை. கேட்டவர்களை நம்பி ஜனங்கள் அணைத்தார்கள். நீங்கள் என்னிடம் இழந்துகொண்டிருப்பது அந்த நம்பிக்கையை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. செய்தி அனுப்பும்போதே, ‘இன்று உங்கள் வழக்கமான அளவு இவ்வளவு, அதை எடுத்த பத்து நாட்கள் இவை’ என்று சேர்த்து அனுப்புங்கள். தவறு இருந்தால் ஆறு மணிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். கம்பிக்குக் கொடுத்ததையும் எண்ணுங்கள்.

போன வாரம் மறுபடி செய்தி வந்தது. பேட்டரியில் 91 சதவீதம் இருந்தது. நான் தட்டவில்லை. வழக்கம்போல வீட்டுக்கு மட்டும் ஓடவிட்டேன், அம்புக்குறி அன்று வெளியே போகவில்லை.

இப்படிக்கு,
பூஜ்ஜியம் புள்ளி வாங்கிய வீட்டுக்காரர்