துறைமுகத்துக்குப் போகாத படங்கள்

தூத்துக்குடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதற்கு அதுவேதான் காரணம். இங்குள்ள பள்ளி ஒன்றின் புவியியல் மன்றம் நடத்திய ஒளிப்படப் போட்டிக்கு என்னையும் நடுவராக அழைத்திருந்தார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஊருக்கும் வேறொரு நாட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் படம் ஒன்றை எடுத்து, ஐம்பது சொல்லுக்குள் ஒரு குறிப்பெழுதி, உலக வரைபடத்தில் அந்தத் தொடர்பைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி.

வந்த எண்பத்துநான்கு படங்களில் பாதிக்கு மேல் வ.உ.சி. துறைமுகத்தின் கிரேன்களும் கண்டெய்னர்களும்தான். சாலையோரமாக நின்று பெற்றோரின் கைப்பேசியில் எடுத்திருக்கிறார்கள். கண்டெய்னரைக் காட்டி இதுதான் உலகத் தொடர்பு என்பது, உறையைக் காட்டிக் கடிதம் என்று சொல்வதைப் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது, அது ஏன் இங்கிருந்து போகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் டீக்கடையில் நின்ற லாரி ஓட்டுநரிடம் விசாரித்து, நம் பெட்டிகளில் பல முதலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன என்று எழுதி, கோட்டையும் கொழும்பில் ஒடித்து வரைந்திருந்தாள்.

பனிமய மாதா கோவிலை ஏழு பேர் எடுத்திருந்தார்கள். மாதாவின் சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்ற மரபை ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். மணிலாவில் ஸ்பானியர் நகரம் அமைத்ததே 1571இல்தானே என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. அதை வளர்ந்த பிறகு அவர்களே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வரலாற்று ஆசிரியனான நீ விட்டிருக்க மாட்டாய். உனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு: கொற்கையை ஒருவரும் தொடவில்லை. கிரேக்க மாலுமிகளின் கையேட்டில் முத்துக்குளித்துறையாக இடம்பெற்ற ஊர்தான். ஆனால் தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்ட இடத்தில் எதைப் படம் பிடிப்பது என்று பிள்ளைகள் திகைத்திருக்கலாம். கடல் விலகியதையே படமாக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

என்னை நிறுத்திவைத்தவை துறைமுகத்தின் பக்கமே போகாத படங்கள். ஒரு பையன் தன் வீட்டுச் ஜன்னலையும், அதன் கம்பியில் தொங்கிய சாவியையும், கீழே இருந்த மேசையையும் ஒரே படத்தில் அடக்கி, இம்மூன்று சொற்களும் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை என்று எழுதி, லிஸ்பனுக்குக் கோடு இழுத்திருந்தான். இன்னொருத்தி பேக்கரியில் வாங்கிய, முந்திரியில் செய்த மக்ரூனைத் தட்டில் வைத்து எடுத்திருந்தாள். படம் சாதாரணம், வரைபடமோ சிலந்திவலை. முந்திரி பிறந்த மண் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுவந்தார்கள். இன்று ஐவரி கோஸ்ட் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தோல் நீக்காத கொட்டை நம் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. இங்கே உடைத்த பருப்பு மறுபடி கப்பலேறுகிறது. ஒரு மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் போக மிச்சமிருப்பது மூன்று கண்டங்கள்.

சீமைக்கருவேலத்தை எடுத்தவன் விளாத்திகுளம் பக்கத்துப் பையன். கரிமூட்டத்தில் புகை எழும்பும் காட்சி. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலத்து மரம் நம் கரிசலை வளைத்துக்கொண்டதை அவன் குறை சொல்லவும் இல்லை, புகழவும் இல்லை. தன் அப்பாவுக்கு அதில்தான் கூலி என்று மட்டும் எழுதியிருந்தான். வெளியிலிருந்து வந்த எதற்கும் சீமை என்று முன்னொட்டுச் சேர்த்துவிடும் நம்மவர்கள், அந்தச் சீமை எது என்று கேட்டதில்லை.

எங்களுக்குள் சண்டை மூண்டது முதல் பரிசுக்குத்தான். உடன் நடுவராக இருந்த ஓவிய ஆசிரியர், சூரிய உதயத்தில் மாலத்தீவுக்குக் கிளம்பும் தோணியின் படத்தை எடுத்து மேலே வைத்தார். நான் வைத்தது, ஒரு பாட்டி களத்தில் நிலாவரை இலையைக் காயப்போடும் படம். சற்று மங்கல், பாட்டியின் கை அசைந்துவிட்டது. அரபு நாட்டையும் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையையும் சேர்ந்த செடி அது. நாட்டு மருந்துக் கடையில் அதற்குச் சூரத்து நிலாவரை என்று பெயர். அயல்நாட்டு மருந்து வணிகத்திலோ அது திருநெல்வேலி சென்னா. வந்த வழியில் ஒரு பெயரும் போகும் வழியில் ஒரு பெயரும் பெற்ற இலை, மலச்சிக்கலுக்கான மாத்திரையாகி எங்கெங்கோ விற்கப்படுகிறது. அந்தப் பேரன் பாட்டியிடம் தொடங்கி, இலை வாங்கும் வியாபாரி, கிட்டங்கி என்று மூன்று பேரிடம் கேட்டு எழுதியிருந்தான். இது புவியியல் போட்டி, ஒளியும் நிழலும் பார்ப்பதற்கு வேறு போட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல, படம் சரியில்லையென்றால் கட்டுரைப் போட்டி என்று பெயர் வைத்திருக்கலாமே என்று அவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இருவருக்கும் முதல் பரிசைப் பகிர்ந்தோம். எனக்கு அது இன்னும் முழு மனதில்லை.

பரிசளிப்புக்குப் பாட்டியும் வந்திருந்தார். இலை எந்த ஊருக்குப் போகிறது என்று பேரன் சொல்லித்தான் தெரியும் என்றார். அடுத்து, அங்கே கிலோ என்ன விலை என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. வியாபாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அடுத்த ஆண்டும் நடத்துவார்களாம். முதலில் குறிப்பு, பிறகு படம் என்று விதியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நடுவராக உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், மறுத்து எழுதாதே. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வேலாயுதம்