நடையாளர் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பதிவேட்டில் நாம் 112 பேர். இப்போது எண்ணிப் பார்த்ததில், டீ கொண்டுவந்த தம்பியையும் சேர்த்து 27. வராதவர்களுக்கும் சேர்த்தே வாசிக்கிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பூங்காவின் வடக்குப் பக்க விளக்குக்காக மூன்று மனு கொடுத்தோம், இப்போது எரிகிறது. மறைந்த இரு உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்து, வளரிளம் பிள்ளைகளுக்கான ஏரோபிக் பயிற்சி, அதாவது மூச்சு வாங்கும்படி தொடர்ந்து ஓடுவது, குதிப்பது போன்றவை. “செயலாளர் தன் ஆசைக்குச் சங்கத்தை இழுத்துவிட்டார்” என்று பேச்சு இருப்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இதய ரத்தக் குழாய் அடைப்புக்காக எனக்கு ஸ்டென்ட் வைத்தது எல்லோருக்கும் தெரியும். இந்த அடைப்பு ஐம்பது வயதில் திடீரென்று வருவதில்லை, ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அறுபது வயதில் பூங்காவைச் சுற்றும் நம்மைவிட, சுற்றுச்சுவரில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் பதினான்கு வயதுக்காரர்களுக்குத்தானே இது முதலில் தேவை? 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சராசரியாக தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த அளவை எட்டாதவர்கள், உலக அளவில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம். இதைச் சொன்னபோது ஒரு தாயார், “ஒரு மணி நேரமா? அப்போ டியூஷன்?” என்றார். பள்ளியிலும் பி.டி. பீரியட்டைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வது பழைய கதை.

செயற்குழுவில் ஒப்புதல் வாங்குவதற்குள் ஒரு சங்கடம். 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வை விளக்கினேன். மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரியவந்தது. நம் உறுப்பினர்களில் ஒருவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று எழுந்து போனவர் இன்றுவரை வரவில்லை, சந்தாவும் வரவில்லை. நான் சொன்னது லண்டன் டிரைவர்களை.

சரி, ஆரம்பித்தோம். செவ்வாய், வியாழன், சனி, காலை 5.45. முதல் நாள் ஓட்டமே கிடையாது, நாடி பார்க்க மட்டும் கற்றுக்கொடுத்தேன். எல்லோரும் கட்டைவிரலை வைத்து அமுக்கினார்கள். கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டு, கணக்கு குழம்பிவிடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்கு நாடியே இல்ல அங்கிள்” என்று கண் கலங்கிவிட்டாள். கட்டைவிரல் பக்கமாக, எலும்புக்கும் தசைநாருக்கும் இடையே இருந்த பள்ளத்தில் அவள் விரலை எடுத்து வைத்தேன். அப்படியே அசையாமல் நின்றாள். 15 வினாடியில் 23. நான்கால் பெருக்கினால் 92. அந்த எண்தான் நம் நோட்டின் முதல் வரி.

எவ்வளவு வேகமாக ஓடுவது என்பதற்கு, 220-ல் வயதைக் கழிக்கும் கணக்கைப் பலரும் சொன்னார்கள். அது பெரியவர்களுக்கான தோராயம், பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான பயிற்சிக்கு அதுவே அளவு. ஓடிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஒருவன் உட்கார வைத்தாலும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் பெஞ்சு. மூன்று நிமிடம் ஏறி இறங்கும் சோதனை ஒன்று உண்டு. பையன்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை ஏறி இறங்கி, முடிந்ததும் நாடி எண்ண வேண்டும். படியின் உயரம் 16¼ அங்குலம். நம் பூங்கா சிமென்ட் பெஞ்சை டேப் வைத்து அளந்தால், ஏறக்குறைய அதே உயரம்! ஆனால் அதில் ஓர் உறுப்பினருடைய தகப்பனாரின் பெயர் ‘உபயம்’ என்று பொறித்திருக்கிறது. “எங்கப்பா பேர் மேல பிள்ளைங்க மிதிக்குது” என்று தலைவரிடம் புகார் போனது. பெயர் இருப்பது சாயும் பலகையில், கால் வைத்தது உட்காரும் பலகையில். இருந்தும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மேடைப் படியில் ஒரு மரப்பலகை போட்டுச் சமாளிக்கிறோம். அது கல்லூரி வயதினருக்கான சோதனை என்பதால் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. அவரவர் எண்ணை அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டார்கள்.

பீப் சத்தத்துக்கு 20 மீட்டர் ஓடித் திரும்பும் சோதனைக்குக் கோலமாவில் கோடு போட்டோம். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர் கூடும். பிள்ளைகள் கேட்டார்களே என்று நானும் ஓடினேன். எத்தனையாவது கட்டத்தில் நின்றேன் என்பது நோட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம். கோலமாவை மறுநாளே எறும்பு தின்றுவிட்டது.

முதல் மாதம் 31 பிள்ளைகள். பொதுத் தேர்வு நெருங்கியதும் 14. பெண்கள் குறைந்ததற்குத் தேர்வு மட்டும் காரணமில்லை. சுவர் ஓரம் நின்று வேடிக்கை பார்த்த நம் ஆட்களும்தான் காரணம், அதில் இருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாலையில் சமுதாயக் கூடத்துக்குள் ஸ்கிப்பிங் வைத்தோம், திரும்பி வந்தார்கள். நாடி இல்லை என்று கலங்கிய பெண்ணின் அந்த 92 இப்போது 80. வாஷர் மாற்றிய அடிபம்பு நாலு அடியில் குடத்தை நிரப்புவதில்லையா, பழகிய இதயமும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளுவதால் குறைவாகத் துடித்தாலே போதும். இதை அவளே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நெஞ்சு வலி, மயக்கம், இளைப்பு உள்ள பிள்ளைகளை டாக்டர் பார்த்த பிறகே சேர்த்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்கிப்பிங் கயிறு, நோட்டு, ஸ்பீக்கர் பழுது ஆகியவற்றில் ஒரு பகுதி என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன். 112 பேரில் 61 பேர் சந்தா பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் பட்டியல் பையிலேயே இருக்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும், சம்பளம் வாங்காமல் விசில் ஊதிய ஓய்வு பெற்ற பி.டி. சாருக்கும், பூங்காக் காவலருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு என்னால் மூன்று நாளும் வர முடியுமா தெரியவில்லை. வீட்டிலும் பேச்சு வாங்குகிறேன். வியாழக்கிழமையை மட்டும் யாராவது ஏற்றுக்கொண்டால் போதும். ஓடத் தெரிய வேண்டியதில்லை, மேடை அறைச் சாவியை 5.40-க்குக் கொண்டுவந்தால் மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். சந்தாவை ஜிபேயில் அனுப்புகிறவர்கள் அனுப்பியதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜனவரியில் வந்த 300 ரூபாய் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்