பின்மண்டபத் திருப்பணி நிறைவு: செயலாளரின் கணக்கும் சில பதில்களும்

அங்கத்தவர்களுக்கும் உபயகாரருக்கும் வணக்கம். நம் கோயிலின் பின்மண்டபத்தை அகதிக் குடும்பங்கள் தங்குகிற இடமாக மாற்றும் வேலை முடிந்து, நகரசபைப் பரிசோதகரின் கடைசிக் கையெழுத்தும் கிடைத்து, மாசி மாதத்திலிருந்து குடும்பங்கள் வந்து தங்கத் தொடங்கிவிட்டன. பொதுக்கூட்டம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு கணக்கு ஓடுகிறது, பொருளாளரின் கோப்பில் இருப்பது வேறு கணக்கு, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எல்லாரும் கேட்கிற இலக்கம் முதலில். மதிப்பீடு 148,000 டொலர். முடிந்தபோது வரி சேர்க்காமல் 191,400. ஆக 43,400 கூடியது. "அகதிகளுக்கு அள்ளிக் கொடுத்துக் கோயிலைக் கடனாக்கிவிட்டார்கள்" என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. கோயிலுக்கு ஒரு சதம் கடன் இல்லை. கூடின காசில் 31,700 நிலத்துக்குக் கீழே இருந்த கழிவுநீர்க் குழாய்க்குப் போனது. 7,900 தீ எச்சரிக்கை மணிக்கும் இரண்டாவது வாசலுக்கும். மிச்சம் 3,800 சில்லறைச் செலவு. அந்தக் குழாய் யார் வந்தாலும் வராவிட்டாலும் உக்கிப்போன குழாய். இந்தக் கட்டடம் நாங்கள் வாங்கும்போது பழைய களஞ்சியசாலை, அந்தக் காலத்து இரும்புக் குழாய்தான் உள்ளே இருந்தது. போன தேரன்று பெண்கள் கழிவறை நிரம்பி வழிந்ததையும், அன்னதான வரிசையை வெளியே மாற்றினதையும் அதற்குள் மறந்துவிட்டீர்களா?

காசு எங்கிருந்து வந்தது? எச்எஸ்டி எனும் 13 வீத விற்பனை வரி 24,882 டொலர். பதிவு செய்த தர்ம ஸ்தாபனம் என்பதால் அதில் மத்திய அரசின் பங்கில் பாதியும் மாகாணப் பங்கில் 82 வீதமும் திரும்பக் கிடைக்கும், அது சுமார் 17,340. ஆகவே கைச்செலவு கிட்டத்தட்ட 198,940. மண்டப நிதிக்கென்று நீங்கள் தந்தது 186,250. மீதி, 12,700க்குச் சற்றுக் குறைவு, பொதுக் கணக்கிலிருந்து எடுத்தோம், தீர்மானம் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. ராஜகோபுர நிதியில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு நோக்கத்துக்கென்று வாங்கின காசை இன்னொன்றுக்குச் செலவழிக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். வறியவருக்கு உதவுவது தர்மப் பணியாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டது, கோயில் யாப்பிலும் அது இருக்கிறது. வருமானவரிக்காரர் வந்து பிடிப்பார்கள் என்று பயப்படுத்துகிறவர்கள் யாப்பை ஒருமுறை வாசிக்கட்டும்.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். பெயர் போடவில்லை, ஆனால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். மூன்று பேரிடம் விலை கேட்டோம்: 148,000, 163,000, 171,500. குறைந்த விலைக்காரர் நம்மூர் ஆள், இரண்டு அங்கத்தவருக்கு உறவு. உறவு என்பதால் கொடுத்தோம் என்று ஒரு பகுதி சொல்கிறது, உறவை ஏமாற்றினோம் என்று மற்றப் பகுதி சொல்கிறது. இரண்டும் ஒன்றாக உண்மையாக முடியாது. விலைதான் காரணம்.

குளியலறைக்காகத் தரைக் கொங்கிறீற்றை உடைத்தபோது குழாயின் அடிப்பக்கம் இல்லவே இல்லை, துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. மாற்றத்தான் வேண்டும், அதில் வாதம் இல்லை. ஒப்பந்தக்காரர் கேட்டது 46,500, எழுத்தில் எதுவும் தராமல், தலைவர் தொலைபேசியில் சம்மதித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு. தலைவர் சொன்னது "பார்த்துச் செய்யுங்கோ" என்பது மட்டும். ஒப்பந்தத்தில் கூடுதல் வேலை எதுவானாலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும் என்று ஒரு பந்தி இருக்கிறது, அதை வாசித்துக் காட்டினோம். அடுத்த நாள் வேலைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கார்த்திகை மாதம், தரையில் பள்ளம், வெளியே பனி, கந்தசஷ்டி விரதகாரர் பிளாஸ்டிக் விரிப்பின் மேலே நடந்து போனார்கள். அப்போது பொறுத்துக்கொண்ட அடியார்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாங்கள் வெளியிலிருந்து இரண்டு குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டுக் கமரா விட்டுப் பார்த்தோம். உடைந்திருந்தது வாசல்வரை முழு நீளமும் இல்லை, பாதிதான். அந்த அறிக்கையை முன்னால் வைத்தபிறகு 46,500 இறங்கி 31,700 ஆனது, கையெழுத்தும் ஆனது. 14,800 டொலர் மிச்சம் பிடித்தோம் என்று ஒரு குரல்பதிவும் வரவில்லை.

பிறகு தை மாதத்தில், நாங்கள் பிடித்து வைத்த 10 வீதத்தையும் உடனே தா என்றார் ஒப்பந்தக்காரர், தராவிட்டால் கட்டடத்தின் மேல் லீன், அதாவது வர வேண்டிய காசுக்காகச் சட்டப்படி உரிமை கோரல், போடுவேன் என்றார். "தமிழனுக்குத் தமிழன் காசு கொடுக்காமல் இழுக்கிறான்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. ஒன்ராறியோ கட்டுமானச் சட்டப்படி அந்த 10 வீதத்தைப் பிடித்து வைப்பது உரிமையாளரின் கடமை. ஒப்பந்தக்காரருக்குக் கீழே வேலை செய்தவருக்குக் கூலி போகாவிட்டால் அந்த வேலைக்காரர் நம் கட்டடத்தின் மேலேயே உரிமை கோரலாம், அதற்கான 60 நாள் கழியும்வரை அந்தக் காசு நம் கையில் இருக்க வேண்டும். சொன்னால் யார் நம்புகிறார்கள்? சரி, அதே கிழமை ஓடு பதித்த தம்பி அலுவலகத்துக்கு வந்து நின்றான், தனக்கு இன்னும் பணம் வரவில்லை என்று. அதன் பிறகு ஒப்பந்தக்காரரும் சத்தம் போடவில்லை. அவனுக்குரியதை அவர் கொடுத்தார், காலம் முடிந்ததும் 19,140 டொலரை நாங்கள் கொடுத்தோம், பற்றுச்சீட்டு கோப்பில் உண்டு.

வர்ணம், ஓடு, மின்விளக்கு, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், 24 கட்டில்கள் எல்லாம் முடிந்தன.

தீ விஷயம் ஏன் மதிப்பீட்டில் இல்லை என்று கேட்டவர்களுக்கு: ஆட்கள் இருந்து சாப்பிடுகிற மண்டபத்துக்கு ஒரு விதி, இரவில் தூங்குகிற இடத்துக்கு வேறு விதி. பரிசோதகர் கேட்டதைச் செய்தோம். உயிர்ப் பிரச்சினையில் பேரம் பேச நான் தயாரில்லை.

மண்டபத்தை ஏன் இதற்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் அடிக் கேள்வி, மற்றதெல்லாம் அதன் வால். 2023 ஜூனில் ரொறன்ரோ நகரசபை தன் காப்பகங்கள் நிரம்பிவிட்டன என்று அகதி விண்ணப்பக்காரரை மத்திய அரசிடம் போகச் சொன்னது. மத்திய அரசும் நகரமும் யார் காசு போடுவது என்று பேசிக்கொண்டிருக்க, ஆடி மாதத்தில் பீற்றர் வீதி நடைபாதையில் உகண்டா, கென்யா, நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள் மழையில் படுத்திருந்தார்கள். அவர்களை அள்ளி எடுத்தது அரசு இல்லை, கறுப்பின மக்களின் தேவாலயங்கள். ரிவைவல்டைம் டேபர்னக்கிள் போன்ற சபைகள் வழிபாட்டு இடத்திலேயே மெத்தை போட்டன. பிறகு எங்கள் பக்கத்துத் தேவாலயம் தங்கள் நிலவறை நிரம்பிவிட்டது, குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு மட்டும் இடம் தர முடியுமா என்று கேட்டது. விசேட பொதுக்கூட்டம் கூட்டி, வாக்கெடுத்துத்தான் சம்மதித்தோம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி "இவர்கள் வரிசை தாண்டி வந்தவர்கள்" என்றார். 2010 ஆவணியில் சன் சீ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது இதே சொல்லைத்தான் நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்கள், பெண்களையும் குழந்தைகளையும்கூடத் தடுப்பில் வைத்தார்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு எதிராகப் பதாகை பிடித்தவர்களில் இவரும் ஒருவர். 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டபோது, விசா இருக்கிறதா என்று கேட்கவில்லை. மற்றப் படகுகளையும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கதையை ஆண்டுவிழாவில் மேடை போட்டுச் சொல்கிறோமே, அது நமக்கு மட்டும் நடக்க வேண்டிய கதையா?

"முதலில் நம்மவருக்குச் செய்யுங்கள்" என்றவர்களுக்கு ஒரு தகவல்: இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இப்போது அங்கேதான் தங்கியிருக்கிறது. கட்டிலில் பெயர் எழுதி வைக்கவில்லை.

மச்சம் மாமிசம் பற்றி நிறைய முறைப்பாடு. மண்டபத்துக்குத் தனி வாசல், தனிச் சப்பாத்து அடுக்கு. சமையலறையில் சைவம் மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம், அவர்களும் சம்மதித்துத்தான் வந்தார்கள். வெளியே போய் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, உங்களையும் பார்ப்பதில்லை. கென்யாக்காரருக்குச் சப்பாத்தி வீட்டுச் சாப்பாடு, அவிச்ச பயறும் கீரையும் அப்படியே. உறைப்பு மட்டும் குறைக்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைச் சமையலில் அந்தப் பெண்கள் உருட்டும் சப்பாத்தி நம் தொண்டர்களுடையதைவிட வட்டம்.

உபயகாரர்: ஐந்தாயிரத்துக்கு மேல் தந்தவர்களின் பெயர்கள் வாசல் பலகையில் இருக்கின்றன, எழுத்துப்பிழை இருந்தால் கல்வெட்டுக்காரர் திருத்தித் தருவார், என்னோடு கோபிக்க வேண்டாம். அதற்குக் கீழே தந்தவர்களில், குளியலறைத் தண்ணீர் சூடாக்கியை வாங்கித் தந்த பல் வைத்தியர் தம்பதி, 24 மெத்தையும் அடக்க விலைக்குத் தந்த தளபாடக் கடைக்காரர், வாராவாரம் மரக்கறிப் பெட்டி இறக்குகிற மார்க்கம் வீதிக் கடை, கரவெட்டி, சுன்னாகம், புங்குடுதீவு ஊர்க்காரர் சேர்த்துத் தந்த காசு, குளிர் உடுப்புச் சேர்த்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள், கூலி வாங்காமல் வயர் இழுத்த இரண்டு மின் வேலைக்காரர், தாயாரின் ஆண்டுத் திவசச் செலவை அப்படியே மண்டப நிதிக்குத் தந்து பெயர் போட வேண்டாம் என்ற அக்கா, ஓய்வூதியத்திலிருந்து மாதம் இருபது டொலர் தருகிற ஐயா. அந்த ஐயாதான் கூட்டத்தில் எதிர்த்து வாக்களித்தவர். தோற்றதும் காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

மீதி வேலை: இரண்டாவது வாசல் சாய்தளத்துக்குக் கைப்பிடி போட வேண்டும், அதற்கு 2,600 டொலர் தேவை. சனி, ஞாயிறு இரவுகளில் மண்டபத்தில் நிற்க ஆட்கள் வேண்டும், இப்போது ஒரே நாலைந்து முகங்கள்தான் மாறி மாறி வருகின்றன. விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவக்கூடிய, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இளம் பிள்ளைகளும் வேண்டும்.

கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பாமல் வந்து இருந்து வாசியுங்கள், தேநீர் தருவோம். அடுத்த நிர்வாக சபைக்கான வேட்புமனுப் படிவமும் அங்கேயே கிடைக்கும். செயலாளர் பதவிக்கு என் பெயரைத் தயவு செய்து யாரும் முன்மொழிய வேண்டாம்.