கனடாக் கதையும் கஜனின் முற்பணமும்

கொழும்பு-06
2025 செப்டம்பர்

அன்பின் கௌரிக்கு,

இங்கு நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம் என்று தவம் அக்கா சொன்னார், ஆகவே அந்தப் பகுதி முடிந்தது. இவ்வளவு காலம் எழுதாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம். கனடாவுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் அந்த ஆலோசனை நிலையத்துக்கு உன் தம்பி கஜன் பணம் கட்டிவிட்டானா? இல்லையென்றால் இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் அவனுடைய வங்கிப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வை.

அவன் போகவிருக்கும் அதே இடத்துக்குத்தான் நானும் இவரும் போய் வந்தோம். பெயரை எழுதவில்லை. கண்ணாடிக் கதவில் சிவப்பு இலை ஒட்டிய இடம் என்றால் அவனுக்கு விளங்கும். உள்ளே நல்ல குளிர். ஒரு பிள்ளை இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள்; அதைக் குறைசொல்ல முடியாது. எதிர்ச் சுவரில் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று நான்கு கடிகாரங்கள். நமக்குப் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவுக்குக் காலை ஐந்து என்றது சுவர். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம்தான் வித்தியாசம், அண்ணாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிப் பேசி எனக்கு அது மனப்பாடம். கனடாவின் கோடை நேரத்துக்காக மார்ச்சில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டிய முள்ளை யாரும் தொடவேயில்லை. ரொறன்ரோவில் இப்போது நேரம் என்ன என்று தெரியாதவர்களிடம் ஆறு இலட்சம் ரூபாயைக் கொடுக்க நாங்கள் வரிசையில் இருந்தோம்.

ஆறு இலட்சம் அவர்களுடைய கூலி மட்டும், மூன்று தவணையில். எந்தத் தவணையும் திருப்பித் தரப்படமாட்டாது. கனடா அரசாங்கத்துக்குக் கட்டும் காசு வேறு: 2024 ஏப்ரலில் கூட்டியதன் பிறகு, வளர்ந்தவர் ஒருவருக்கு விண்ணப்பத்துக்கு 950 டொலர், நிரந்தர வதிவிட உரிமைக்கு 575. சின்னவளுக்கு 260. கூட்டிப் பார்த்து இவர் பெருமூச்சு விட்டார், நான் கல்குலேட்டரை மூடி வைத்தேன்.

அங்கே எங்களோடு பேசியவர் பழுதில்லாமல் கதைத்தார். டை கட்டிய இளைஞர். என் வயதைக் கேட்டார், படிப்பைக் கேட்டார், "உங்களுக்கு நிச்சயம், மேடம்" என்றார். எதை வைத்து நிச்சயம் என்று நான் கேட்டேன். கணக்காய்வில் பதினைந்து வருடமாகக் குப்பை கொட்டுகிறவள், ரசீதில்லாத வார்த்தையை எப்படி ஏற்பேன்? "எங்கள் அனுபவம்" என்றார். அண்ணா ரொறன்ரோவில் இருப்பதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கனடா புள்ளி போட்டு, கூடிய புள்ளிக்காரரைத்தான் விண்ணப்பிக்க அழைக்கிறது; கூடப் பிறந்தவர் அங்கே நிரந்தரமாக இருந்தால் அதில் 15 புள்ளி உண்டு, கௌரி. எழுதி வைத்த விதி அது. அண்ணாவிடம் புள்ளிக் கணக்குக் கேட்டுப் பயனில்லை என்பது வேறு விஷயம். அவன் போன வழியில் புள்ளியா பார்த்தார்கள், அந்தக் கதை உனக்குத் தெரியும்தானே.

வீட்டுக்கு வந்து இரவோடிரவாக நானே கணக்குப் பார்த்தேன். கனடா அரசின் இணையத்தளத்திலேயே கணிப்பான் இருக்கிறது, ஒரு சதம் செலவில்லை. மொத்தம் 1,200 புள்ளி. முப்பது வயதானதும் ஒவ்வொரு பிறந்தநாளும் ஐந்து புள்ளியைக் கொண்டுபோய்விடுகிறது, என்னைப் போலத் துணையோடு விண்ணப்பிப்பவருக்கு. எனக்கு 36, ஆகவே இந்த முறை கேக் வேண்டாம். உண்மையான அடி ஆங்கிலத்தில்தான் விழுந்தது. போன வருட ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் எழுத்துப் பகுதியில் எனக்கு 6.5. அது 7 ஆக இருந்திருந்தால் மொழிக்கு ஏழு புள்ளி கூடுவதோடு, முதுமாணிப் பட்டத்துக்கும் தொழில் அனுபவத்துக்கும் ஆங்கிலத்தோடு சேர்த்துத் தரும் புள்ளிகளும் இரட்டிக்கும். அந்த அரைக்குள் 57 புள்ளி ஒளிந்திருக்கிறது. இப்போது நான் 385, எழுத்தைச் சரிசெய்தால் 442. பொன்னம்மா ரீச்சர் இருந்தால் "சுமதி, பந்தி பிரி" என்று இன்றைக்கும் கொப்பியைத் தூக்கி எறிந்திருப்பார். அவர் கேட்டது பந்தி மட்டும்தான், ஆறு இலட்சம் கேட்கவில்லை.

442ம் போதாது என்பதுதான் "நிச்சயம்" மனிதர் சொல்லாமல் விட்டது. எல்லாத் துறையினருக்குமான பொது அழைப்பு 2024 ஏப்ரலுக்குப் பிறகு நடக்கவேயில்லை. கடைசியாக நடந்ததில் 529 புள்ளி வேண்டியிருந்தது. இந்த வருடம் எடுக்கும் நிரந்தர வதிவிடக்காரரின் தொகையையும் 395,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். இப்போது அழைப்பெல்லாம் கனடாவில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள், மாகாணங்கள் முன்மொழிந்தவர்கள், சுகாதாரத் துறை, கல்வித் துறை, பிரெஞ்சு தெரிந்தவர்கள் என்று பிரித்துப் பிரித்துத்தான். ஒவ்வொரு அழைப்பின் திகதியும் வெட்டுப்புள்ளியும் பகிரங்கமாகக் கிடக்கின்றன. இதைப் பார்க்காமலா அவர் நிச்சயம் என்றார்? பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம்.

சரி, இதுவரைக்கும் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். எனக்கு நித்திரை போனது வேறொன்றால்.

இவருடைய 2010 லண்டன் மாணவர் விசா மறுக்கப்பட்ட கதையை நீ மறந்திருக்க மாட்டாய், கூலிங் கிளாஸ் படம் உட்பட. அதை நானே எடுத்துச் சொன்னேன். "அதைப் போடத் தேவையில்லை, மேடம். அது பிரித்தானியா, இது கனடா. பழைய கதை" என்று அவர் பேனையை மூடினார். விண்ணப்பத்தில் கேள்வி தெளிவாக இருக்கிறது: நீங்களோ உங்கள் குடும்பத்தவரோ கனடாவுக்கோ வேறெந்த நாட்டுக்கோ விசா மறுக்கப்பட்டிருக்கிறீர்களா? இல்லை என்று எழுதி அகப்பட்டால் அவர்களுடைய குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் ஐந்து வருடத் தடை. முன்பு இரண்டாக இருந்ததை 2014இல் ஐந்தாக்கினார்கள். கனடா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. நமது மனிதருக்கு ஒன்றும் ஆகாது, அவர் அடுத்த ஆளுக்குப் பிளேன்ரீ கொடுப்பார். கையொப்பம் நம்முடையது, தடையும் நமக்கு. இத்தனைக்கும் ஒரு பழைய மறுப்பை உள்ளபடி எழுதினால் அதற்காகவே யாரையும் தள்ளிவிடுவதில்லை. மறைப்பதுதான் குற்றம்.

இவர் படியிறங்கும்போது ஒன்றும் பேசவில்லை. ஓட்டோவில் ஏறிய பிறகு, "அவர் சொன்னபடி செய்தால் சுலபம்தானே" என்றார். பதினோரு வருடத்தில் இவரோடு இப்படிச் சண்டை பிடித்ததில்லை. பாமன்கடைச் சந்தி வரும்வரை ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீ நினைப்பாய், இவள் ஆலோசகர் என்றாலே கரித்துக்கொட்டுகிறாள் என்று. இல்லை. தவம் அக்காவின் மகனுக்கு மெல்பேர்ணில் பதிவு பெற்ற முகவர் ஒருவர் செய்து கொடுத்த வேலையை நானே பார்த்தேன், கொடுத்த காசு தகும். சிக்கல் உள்ளவர்களுக்கு ஆள் வேண்டும்: பழைய மறுப்பு, வழக்கு, பெரிய நோய், விவாகரத்தில் பிள்ளை யாருக்கு என்ற பிரச்சினை. மற்றவர்களுக்கு ஆலோசகர் செய்வது படிவம் நிரப்புவது. உண்மையான அலைச்சல் எல்லாம் நம் தலையில்தான். அழைப்பு வந்தால் அறுபது நாள் தருகிறார்கள். அதற்குள் பொலிஸ் நற்சான்றிதழ், வேலை செய்த இடமெல்லாம் கடமைகளை விபரித்துத் தரும் கடிதம், மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இவர் இரவீந்திரன், கடவுச்சீட்டில் ரவீந்திரன். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், அதையும் எந்த ஆலோசகரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்குள்ள சட்டத்தரணிகளுக்கும், உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும், இன்னும் ஓரிரு வகையினருக்கும் மட்டுமே அனுமதி. ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2021 நவம்பரிலிருந்து இயங்குகிறது, அதன் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். நாங்கள் போன இடத்துச் சுவரில் பிரேம் போட்ட உரிமம் ஒன்று தொங்கியது. தேடினேன், பெயர் இருக்கிறது, செல்லுபடியாகிறது. ஆள் ரொறன்ரோப் பக்கம். அவரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்றேன். அவருக்கு நேரமில்லையாம். என் விண்ணப்பத்தை யார் எழுதப்போகிறார் என்றால், டை கட்டியவர் தன்னையே காட்டினார். அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே நாங்கள் முடிவெடுத்தாயிற்று. லண்டன் மறுப்பை எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் அங்குள்ள உரிமம் பெற்ற சட்டத்தரணி ஒருவரோடு காணொளியில் ஒரு மணித்தியாலம், அதற்குரிய கட்டணம். மிச்சத்தை நானே செய்வேன். காசை எங்கே போடுகிறேன் என்று கேட்டால் சிரிக்கக் கூடாது: பார்ன்ஸ் பிளேஸ் அலையான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்துவிட்டேன். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான வெட்டுப்புள்ளி மார்ச்சில் 379, ஓகஸ்டில் 481, இந்த மாதம் 446. ஏறி இறங்குகிறது. ஆங்கில எழுத்தையும் சரிசெய்து, பிரெஞ்சில் நான்கு திறனிலும் கனடாவின் மொழி அளவுகோலில் ஏழாம் படியை எட்டினால் என் கணக்கு 500ஐத் தாண்டும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் ஏ-லெவல் எழுதிவிட்டு வந்த பிள்ளை, என்னை "அன்ரி" என்கிறாள். எனக்கு அந்த மொழி பிடித்துவிட்டது, கௌரி. சமைக்கும்போதுகூட வினைச்சொற்களை முணுமுணுக்கிறேன், பருப்பு அடிப்பிடித்ததை இவர்தான் வந்து சொன்னார்.

அம்மாவைப் பற்றித்தான் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். "போக வேண்டியதுதான் பிள்ளை" என்கிறார், வேறொன்றும் இல்லை. எங்கள் அறையை வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு கேட்கலாம் என்று கீழ் வீட்டாரிடம் விசாரித்திருக்கிறார். அது அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்கவுமில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று தெரிந்த பிறகு கேட்பேன்.

இனிக் கஜன். தாதிய உத்தியோகத்தன், 27 வயது, வயதுக்கு முழுப் புள்ளி. ஆனாலும் ஒரு பட்டத்தோடும் நல்ல ஆங்கிலத்தோடும் அவனுக்கு 430 அளவில்தான் வருகிறது. ஓகஸ்டில் சுகாதாரத் துறை வெட்டுப்புள்ளி 470. ஏதாவதொரு மாகாணம் முன்மொழிந்தால் 600 புள்ளி ஒரேயடியாகக் கூடும், அந்தப் பக்கம் அவன் தேடட்டும். அதோடு 15,000 டொலருக்கு மேல் கையிருப்புக் காட்ட வேண்டும், நம் காசில் முப்பது இலட்சத்துக்கு மேல். அதில் ஆறைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டு எதைக் காட்டுவான்?

ஒப்பந்தத்தைத் தந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். இணையத்தில் விண்ணப்பிக்கும் கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்து கடவுச்சொல்லைத் தாங்களே வைத்திருப்போம் என்று எங்கள் தாளில் மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. சனிக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு, பின்னேரம் அழைக்கச் சொல். என்னைத் திட்டுவதென்றால் நீயும் அப்போதே சேர்ந்து எடு.

அன்புடன்,
சுமதி