காலாண்டு மதிப்பெண்ணோடு முடிவெடுத்துவிடாதீர்கள்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டு விடைத்தாள்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததிலிருந்து என் அறை வாசலில் தினமும் யாராவது காத்திருக்கிறீர்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளின் வீட்டார்தான் அதிகம். "டீச்சர், கணக்கு இவளுக்கு வராது. குரூப்பை மாத்திக் குடுங்க, இல்லேன்னா டி.சி. குடுத்துடுங்க" என்கிறீர்கள். பத்தாம் வகுப்பில் 90 வாங்கிய பிள்ளை 28 வாங்கிக்கொண்டு வந்தால் பெற்ற வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது மூன்று மாதப் படிப்புக்குக் கிடைத்த மதிப்பெண். அதை வைத்து ஒரு பிள்ளைக்கு இது வரும், இது வராது என்று என்னால் சொல்ல முடியாது. இருபத்தாறு வருடமாக வகுப்பெடுக்கிறேன், இன்றுவரை முடிந்ததில்லை.

நம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் திக்குவாய். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போன மாதம் காலை வழிபாட்டில் குறள் சொல்லும் முறை அவனுக்கு வந்தது. "தெய்வத்தான் ஆகா தெனினும்" என்ற குறள். அவனுக்கு 'த'தான் சிக்கும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, பின்வரிசையில் சிரிப்பு கேட்டது, இறங்கிப் போய்விட்டான். வேறு எழுத்தில் தொடங்கும் குறளாகப் பார்த்துத் தருகிறேன் என்றார் தமிழாசிரியர். அவன் வேண்டாம் என்றான். அடுத்த வாரம் அதே குறளோடு மேடைக்கு வந்தான். அப்போதும் 'தெ' சிக்கியது. இந்த முறை இறங்கவில்லை. ஏழு சீரைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அவனுடைய திக்கல் இன்னும் போகவில்லை. வரும் திங்கட்கிழமை பொருளும் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகப்பேறு நிதியுதவிக்குப் பதிந்த வீடுகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் தெரிந்திருக்கும். திட்டத்தின் பெயராகத் தெரியும், அவர் பட்ட பாடு தெரியாது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் மகாராஜா கல்லூரி அன்று ஆண்கள் படித்த இடம். ஒரு பெண் வந்து உட்காரக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதித்த பிறகே சேர முடிந்தது. 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்து தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். 1930இல் காந்தியடிகள் கைதானபோது அந்தப் பதவியையே உதறினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல், இருபது வருடம் கழித்து.

என்னை உலுக்குவது இன்னொன்று. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். சீதபேதி என்றே முதலில் நினைத்திருந்தார்கள். இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவர் அதற்குப் பிறகு கைவிடவே இல்லை. அடையாறில் நேரு அடிக்கல் நாட்டியது 1952இல். 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தபோது அவருக்கு 67 வயது. 'திறந்த ஆண்டு எது' என்று வினாடி வினாவில் நாம் கேட்கிறோம், பிள்ளைகளும் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். நடுவிலிருந்த 31 வருடத்தை யாரும் கேட்பதில்லை. இந்தப் பருவத்தில் வரலாற்று ஆசிரியர்களிடம் அதைத்தான் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறேன்: எந்த வருடத்தில் யார் மறுத்தார்கள், மறுநாள் இவர் என்ன செய்தார் என்று.

பெண் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண்ணைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தும் பேச்சு இரண்டு வீடுகளில் நடந்ததாக அறிந்தேன். தயவுசெய்து முதலில் என்னிடம் வாருங்கள். நானே உங்கள் வீட்டுக்கு வரவும் தயார்.

குரூப் மாற்றக் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களை நான் கிழிக்கவில்லை, என் மேசையில்தான் இருக்கின்றன. அரையாண்டு முடியட்டும். அதுவரை சனிக்கிழமைகளில் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை கணக்கு, இயற்பியல் தனி வகுப்பு உண்டு. கட்டணம் கிடையாது. குடிக்கத் தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கொடுத்தனுப்புங்கள். காலாண்டுத் தாளையும் கட்டாயம் எடுத்து வரச் சொல்லுங்கள். தப்பான கணக்கிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை